அப்பா என்னை அடிக்கவில்லை

தம்பி,

உன் கல்யாணக் கார்டு செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் அதை உன் அப்பா கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். அப்போதுதான் ஒரு மூட்டை செத்தல் மிளகாயை அரைத்து முடித்திருந்தார். விரல்களை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு உறையைப் பிரித்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற சின்னப் பிள்ளையைப்போல மெதுவாகப் படித்தார். பெண் வீட்டுப் பக்கத்தில் தாய் தகப்பன் இருவர் பெயரும் இருந்தன. நம் பக்கத்தில் தாய் என்று என் பெயர் மட்டும் தனியாக நின்றது. "என் பேரப் போட்டு முன்னால அமரர்னு வைக்காம விட்டானே, அதுவே பெரிய காரியம்" என்று சொல்லிச் சிரித்தார். கார்டைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுப் போய் மில்லை ஓட விட்டார். அரைக்க ஒன்றும் இல்லாமலே மில் அரை மணி நேரம் ஓடியது. நான் உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதை உனக்குப் போனில் சொல்ல முடியாது. சொல்லத் தொடங்கினால் "அந்தக் கதைய விடுங்கம்மா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். இரண்டு வருடமாக அப்படித்தான் விட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் கடைசியில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்பா என்னை அடிக்கவில்லை. அந்தப் பௌர்ணமிப் போயா நாளிலும் அடிக்கவில்லை, அதற்கு முன்பும் ஒருநாள்கூட அடித்ததில்லை. இந்த வீட்டில் அடித்தவள் நான். நீ கேட்டபோது நான் சொன்னது பொய்.

கோபப்பட்டு இங்கேயே நிறுத்திவிடாதே. மீதியையும் படி. நீ ஒரு பெண்ணோடு வீடு வைக்கப் போகிறாய். ஒரு வீட்டுக்குள் நோய் வந்தால் என்னென்ன நடக்கும் என்பதை, அதை நடத்தியவள் வாயாலேயே நீ கேட்க வேண்டும்.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று டொக்டர் சொன்ன வருடம் நீ கொழும்பில் படித்துக்கொண்டிருந்தாய். வாரத்துக்கு மூன்று நாள், நாலு மணி நேரம் மெஷினில் இரத்தத்தைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார்கள். அப்பா தன்னுடையதைத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். அவருக்குச் சீனி வருத்தம், அந்த நீரிழிவு நோய், இருந்ததால் எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். உன்னிடம் கேட்கவே கூடாது என்று நான் சத்தியம் வாங்கிக்கொண்டேன். அதன் பிறகு மூன்று நாளும் காலையில் மில்லைப் பூட்டிவிட்டு என்னைத் த்ரீவீலரில் ஏற்றிக்கொண்டு போவார். வெளி பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிந்ததும் கூட்டி வருவார். ஊரில் எல்லோரும் எனக்குத் தைரியசாலி என்று பெயர் வைத்தார்கள். போனில் உனக்கும் நான் அப்படித்தான் பேசினேன். நல்லா இருக்கிறேன், நல்லாச் சாப்பிடுகிறேன், உன் படிப்பைப் பார்.

தாகம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். தெரியாது. எனக்கு ஒரு நாளைக்கு விதித்தது அரை லீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். தேத்தண்ணி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள்தான். மிஞ்சிக் குடித்தால் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியில்லை, நெஞ்சில் போய் ஏறும். மிளகாய் மில்லுக்குப் பின்னால் இருக்கும் வீட்டில், காற்றிலேயே காரம் பறக்கும் வீட்டில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்க நான் உட்கார்ந்திருப்பேன். அப்பா ஒரு சின்னப் போத்தலில் அன்றைய அளவை ஊற்றி வைத்துவிட்டு, மற்ற எல்லாவற்றையும் மறைத்து வைப்பார். டொக்டர் சொன்னதைத்தான் அவர் செய்தார். ஆனால் என் கண்ணுக்கு டொக்டர் தெரியவில்லை. போத்தலைப் பிடித்திருந்த அந்தக் கைதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன், தாய் மகனிடம் சொல்லக் கூசுகிற விஷயம். எனக்குச் சிறுநீர் போவது நின்றுபோன பிறகு, அப்பா கழிப்பறைக்குப் போகும் சத்தம் கேட்டாலே உடம்பெல்லாம் எரியும். ஒரு மனிதன் சும்மா போய், சும்மா வந்து, கை கழுவிக்கொண்டு நிற்கிறானே என்று அவரைக் குத்திப் போட வேண்டும்போல இருக்கும். தோல் கறுத்து, இரவெல்லாம் சொறிந்து சொறிந்து இரத்தம் வரும். தூக்கம் கிடையாது. தராசுப் பக்கத்தில் நின்று பத்து வாடிக்கையாளரோடு வாயாடிய நான், ஒரு கிலோ மல்லியைத் தூக்க மாட்டாமல் மூலையில் கிடந்தேன். அதையெல்லாம் துக்கம் என்று நான் அப்போது நினைக்கவில்லை. துக்கப்படுகிறவர்கள் அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். லக்கலையிலிருந்து பஸ் மாறி வரும் ஒரு விவசாயி என் பக்கத்து மெஷினில் இருப்பார். ஊசி குத்தியதும் துவாயை முகத்தில் போட்டுக்கொண்டு சத்தமில்லாமல் அழுவார். அவரைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கும். என் கண்ணில் ஒரு சொட்டு வராது. எனக்கு வந்ததெல்லாம் கையில்தான் வந்தது.

முதலில் டம்ளர். ஒரு மிடறு கூடுதலாகக் கேட்டேன், அவர் தலையை ஆட்டினார். பித்தளை டம்ளரை முகத்தைப் பார்த்து எறிந்தேன். புருவம் பிளந்து இரத்தம் கன்னத்தில் வழிந்தது. நிலையில் முட்டிக்கொண்டேன் என்று பக்கத்து வீட்டில் சொன்னார். உனக்கும் அதையே சொன்னார். நீ "கண்ணாடி போட்டுட்டு நடங்கப்பா" என்று சிரித்தாய். அடுத்தது, அடுப்பில் கிடந்த கரண்டியால் முன்கையில் ஒரு சூடு. அதற்குப் பிறகு நான் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. தோளில் கடித்திருக்கிறேன். படியில் இறங்கும்போது பின்னாலிருந்து உதைத்திருக்கிறேன். வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அடித்து முடித்த கொஞ்ச நேரத்துக்கு எனக்கு மூச்சு நன்றாக வரும். அந்தச் சுகத்துக்காகவே மறுபடியும் அடித்தேன். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் உண்மை.

அப்பாவின் இடது கண் மங்கியது மூட்டை கிழிந்து மிளகாய்த்தூள் பட்டதால் என்றுதானே உனக்குத் தெரியும்? மூட்டை கிழியவில்லை. வாசலில் போன வண்டிக்காரனிடம் ஒரு செவ்விளநீர் வாங்கி, மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்து உட்கார்ந்து குடிக்கப் போனேன். என்னைப்போன்ற வருத்தக்காரருக்கு இளநீர் விஷம். அதில் இருக்கும் உப்பு நெஞ்சையே நிறுத்திவிடும். அவர் பார்த்துவிட்டார். வாயில் வைத்ததைப் பறித்துச் சாக்கடைக் கானுக்குள் வீசினார். நான் பக்கத்துத் தட்டிலிருந்து இரண்டு கை நிறைய மிளகாய்த்தூளை அள்ளி, அவர் திரும்பும்வரை காத்திருந்து, கண்ணைப் பார்த்து எறிந்தேன். காத்திருந்தேன் என்பதைக் கவனி. கோபம் கண்ணை மறைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கு நன்றாகக் கண் தெரிந்தது. அவர் தரையில் விழுந்து, அறுத்த கோழிபோல உருண்டார். தண்ணீர் தண்ணீர் என்று கத்தினார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

இனி அந்தப் போயா நாள். நீ சொல்லாமல் கொள்ளாமல் வந்த நாள். லீவு என்பதால் மில் பூட்டியிருந்தது. மத்தியானம் அவர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, நான் குசினிக் குழாயில் வாயை வைத்துக் குடிக்கத் தொடங்கினேன். எவ்வளவு குடித்தேனோ தெரியாது. அவர் ஓடிவந்து குழாயை மூடினார். குசினி மூலையில் கிடந்த மில் படிக்கற்களில் ஒரு கிலோக் கல்லை எடுத்து எறிந்தேன். கழுத்தெலும்பில் பட்டது. இரண்டாவது கல்லை எடுத்தபோது அவர் என் வலது கையைப் பிடித்தார். நான் இழுத்த இழுப்பில் வழுக்கிக் கதவில் மோதினேன், உதடு கிழிந்தது. அந்த நிமிஷத்தில்தான் நீ உள்ளே வந்தாய். உன் கண்ணில் பட்டது, வாயெல்லாம் இரத்தமாக நிற்கும் தாயும் அவள் கையை முறுக்கிப் பிடித்திருக்கும் தகப்பனும். உன்மேல் பிழை இல்லை. யார் பார்த்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

"அம்மா, அப்பாவா அடிச்சாரு?" என்று கேட்டாய்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு உன்னைப் பார்த்து "ஆமா" என்றேன்.

ஏன் சொன்னேன்? பயத்தில் சொன்னேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். பயமும் இருந்தது. உன் அம்மா இப்படிப்பட்டவள் என்று நீ அறிந்துகொள்வாயே என்ற பயம். ஆனால் அதற்குக் கீழே வேறொன்றும் இருந்தது. என் கையில் பலம் தீர்ந்துபோயிருந்தது, உன் கையில் இருந்தது.

அதன் பிறகு நடந்தது உனக்கே தெரியும். ஆனால் நீ பார்த்த விதம் வேறு. நீ அவரை முகத்தில் குத்தினாய். கீழே விழுந்தவரை விலாவில் உதைத்தாய். சட்டையைப் பிடித்து மில் வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாய். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "பொம்பள மேல கை வைக்கிறியா, நோயாளி மேல கை வைக்கிறியா" என்று கத்திக் கத்தி அடித்தாய். அவர் ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. பிறகு நீ உள்ளே ஓடிவந்து என்னைத் தூக்க என் இடது கையைப் பற்றி இழுத்தாய். அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். வாசலில் கிடந்தபடியே, இரத்தம் துப்பிக்கொண்டே கத்தினார்: "அந்தக் கையப் புடிக்காத தம்பி! அது மெஷின் கை, அதப் புடிக்காத!" நீ அதைக் காதில் வாங்கவில்லை. வாயை மூடு என்றாய்.

மெஷினில் போட ஊசி குத்துவதற்கென்று இரத்த நரம்புகளை இணைத்துத் தைத்த கை அது. அது கெட்டால் என் உயிர் கெட்டமாதிரி. அவ்வளவு அடிதடியிலும் அவர் என் வலது கையைத்தான் பிடித்தார். அத்தனை வருடத்தில் இடது கையில் அவர் விரல் அழுத்தமாகப் பட்டதே கிடையாது. மறுநாள் வீங்கியிருந்த அந்தக் கையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, இதுதான் ஆதாரம் என்று மாமாவுக்கெல்லாம் காட்டினாயே, அந்த வீக்கம் உன் விரல்களால் வந்தது. அதையும் நான் சொல்லவில்லை. "இனிமே அவர் எனக்குச் செத்த மாதிரி" என்று நீ சொல்லிவிட்டுப் போகும்போதும் நான் பாயில் உட்கார்ந்திருந்தேன், வாய் திறக்கவில்லை.

நீ போன பிறகு எனக்குள் என்னவோ அறுந்து விழுந்தது. இனி மெஷினுக்குப் போக மாட்டேன் என்றுவிட்டேன். இரண்டு தவணை போகவில்லை. அவர் கெஞ்சினார், பக்கத்து வீட்டாரைக் கூட்டி வந்தார், என் காலைப் பிடித்தார். மூன்றாவது தவணை நாளில் படுத்தால் மூச்சு முட்டியது. கழுத்தெலும்பில் கட்டோடு, வீங்கிய முகத்தோடு, அவர் என்னைத் தூக்கி வேனில் போட்டார். வழியில் அவர் கையைக் கடித்தேன். ஆஸ்பத்திரியில் ஊசி போட வந்த நர்ஸ் மிஸ்ஸை அறைந்து தட்டைத் தள்ளிவிட்டேன். சிங்களப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். கன்னத்தைத் தடவிக்கொண்டு, கீழே விழுந்ததைப் பொறுக்கிவிட்டு, பக்கத்தில் வந்து குனிந்து தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டது: "அக்கா, ஒங்களுக்குக் கோவமா? இல்லன்னா வாழ விருப்பம் இல்லையா?"

"ரெண்டும் ஒண்ணுதான் மிஸ்" என்றேன். அதைச் சொன்னதும்தான் அழுதேன். நாலு மணி நேரமும் அழுதேன்.

அந்தப் பிள்ளை அதைச் சும்மா விடவில்லை. மனநல டொக்டரை மெஷின் பக்கத்துக்கே கூட்டி வந்தது. அவர் என்னைவிட்டு அப்பாவைப் பார்த்து, கண்ணுக்கு என்ன, கழுத்துக்கு என்ன என்று கேட்டார். அப்பா வழக்கம்போல, "மூட்ட கிழிஞ்சிருச்சுங்க, படியில விழுந்துட்டேங்க" என்றார். "பொய் சொல்றாரு. நான்தான் அடிச்சேன்" என்றேன். டொக்டர் முகம் சுளிக்கவில்லை. மெஷினில் வருடக்கணக்கில் இருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு மனம் நோய்ப்பட்டுப் போகும், சிலருக்கு அது அழுகையாக வரும், சிலருக்குக் கையாக வரும் என்றார். துவாய்க்குள் அழும் அந்த லக்கலை மனிதரும் நானும் ஒரே வருத்தக்காரர்கள் என்று அன்றுதான் விளங்கியது. "ஆனா அடிச்சது வருத்தம் இல்லம்மா, நீங்க. வருத்தத்துக்கு நான் மருந்து தாறேன். அடிக்காம இருக்கிறத நீங்கதான் பழகணும்" என்றும் சொன்னார். பிறகு அப்பாவிடம், "நீங்க தூங்குறீங்களாய்யா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மாத்திரை வேலை செய்யப் பல வாரம் ஆனது. சொறிக்கும் வேறு மருந்து கொடுத்தார்கள், கொஞ்சம் தூங்கினேன். மாதம் ஒருமுறை டொக்டரோடு பேசுகிறேன். கோபம் ஏறினால் நான் முன் கேட்டைத் தாண்டித் தெருவில் போய் நிற்க வேண்டும், அவர் பின்னால் வரக் கூடாது என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். தண்ணீர்ப் போத்தலை இப்போது நானே வைத்துக்கொள்கிறேன். முழுக்கச் சுகமாகிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். போன மாதம்கூட ஒரு பீங்கான் தட்டை எறிந்தேன், சுவரில்தான். ஒரு வருடத்துக்கு மேலாக அவர்மேல் என் கை படவில்லை.

அப்படியானால் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ எனக்குப் போன் எடுப்பாய். வாரம் முழுவதும் நான் அதற்காகவே மெஷினில் கிடந்தேன். சொன்னால் அது நின்றுவிடும். நீ என்னோடு பேசும்போதெல்லாம் அவர் மில்லை நிறுத்திவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கம் நின்று உன் குரலைக் கேட்பார். அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே பேசினேன்.

நீ கட்டப்போகிற பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. உனக்கு அப்பாவிடமிருந்து மூக்கு மட்டும்தான் வந்தது, கோபம் என்னுடையது. உன் கை ஒருமுறை ஓர் ஆளைக் கீழே போட்டிருக்கிறது. அது நியாயம் என்று நீ இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறாய். நியாயம் என்று நம்பி அடிக்கிற கைக்குத்தான் நீ அதிகம் பயப்பட வேண்டும். என் கையும் அப்படித்தான் நம்பியது. உங்கள் வீட்டில் யாருக்காவது வருத்தம் வந்தால், உடம்பைக் காட்டும் அன்றே மனசையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் சேர்த்துக் கேளுங்கள். நோயாளி சொல்வதெல்லாம் உண்மை என்று நம்பாதே. என்னையே நம்பித்தானே நீ கெட்டாய்.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், உனக்கு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன்.

"வேணாம்மா" என்றார். "யாரையாவது வெறுக்கணும்னா அவன் என்னையே வெறுக்கட்டும். நான் நல்லா இருக்கிற மனுசன், தாங்கிக்குவேன். ஒனக்கு அவன விட்டா என்ன இருக்கு?"

"ஒங்களுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டேன். இறங்குகிற நேரம் என் பையை வாங்கிக்கொண்டு, "எழுதித்தான் தீருவேன்னா, அவன் அடிச்சது எனக்கு வலிக்கலன்னும் எழுது" என்றார்.

எழுதிவிட்டேன். ஆனால் வலித்தது, தம்பி. விலா எலும்பு இரண்டு முறிந்திருந்தது. இரண்டு மாதம் இருமும்போதெல்லாம் சுவரைப் பிடித்துக்கொள்வார். அந்த விலாவோடுதான் என்னை வாரத்தில் மூன்று நாளும் தூக்கி ஏற்றினார், இறக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாது. உக்குவளை வழியாக வரும் ரயிலில் வந்தாலும், கண்டி பஸ்ஸில் வந்தாலும் பத்து மணிக்குள் வந்துவிடலாம். கதவைத் தட்டு. நான் எழுந்து வர மாட்டேன், அவர்தான் திறப்பார். இடது கண் சரியாகத் தெரியாததால், வந்திருப்பது யார் என்று அவருக்கு உடனே தெரியாது. நீ கொஞ்சம் அவருடைய வலது பக்கமாக நின்று, "அப்பா" என்று கூப்பிடு. அவரோடு பேசி முடி. என்னோடு பேசுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு யோசித்துக்கொள்.

அம்மா